வெள்ளைச் சுவரும் ஜூலியம்மாளும்

சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருக்கிறவனிடம் வந்து "ஏன் அடிக்கிறாய்?" என்று கேட்கிற ஆள் நல்ல காரியத்துக்கு வந்தவனாக இருக்க மாட்டான். அன்றைக்கும் அப்படித்தான் நினைத்தேன். இன்றைக்கும் பாதி அப்படித்தான் நினைக்கிறேன்.

மெட்ராஸுக்குச் சென்னை என்று பேர் மாற்றினார்களே, அதற்கு அடுத்த வருஷம். மாசி மகம் வருவதற்கு முன்னால் எங்கள் நொச்சிக்குப்பத்து ஆட்கள் வெள்ளைச் சுவருக்குச் சாரம் கட்டி வேலையை ஆரம்பித்திருந்தோம். ஏணியில் ஏறுகிற வயசை நான் தாண்டிவிட்டேன். கீழே நின்றுகொண்டு மேலே அடிக்கிறவனைத் திட்டுவது என் வேலை. அதை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தேன்.

அந்தச் சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். எங்கள் குப்பத்துக்கும் பட்டினப்பாக்கத்துக்கும் நடுவில், சாந்தோம் மாதா கோயிலுக்குக் கிழக்கே மணலில் அது நிற்கிறது. வெள்ளைக்காரன் காலத்துக் கிடங்கு. கூரை போய், மற்ற மூன்று பக்கமும் இடிந்து, செங்கல்லை எல்லாம் ஊர்க்காரர்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய், கடலைப் பார்த்த பக்கம் மட்டும் மூன்று மாடி உயரத்துக்கு மிச்சம் நிற்கிறது. அதற்கு வருஷா வருஷம் சிப்பிச் சுண்ணாம்பு அடிப்பது எங்கள் குப்பத்து வழக்கம். என் அப்பா அடித்தார். அவருடைய அப்பாவும் அடித்தார்.

ஏன் என்று கேட்டால், சாமிக்கு என்போம். அழகுக்கு என்போம். வேறு வேலை இல்லை என்போம். ஆளைப் பொறுத்துச் சொல்வோம்.

உண்மைக் காரணம் மீன்தான். கடலுக்கு அடியில் ஒரு பாறை இருக்கிறது. சங்கராவும் களவாவும் கும்பல் கும்பலாக அங்கேதான் மேயும். தண்ணீருக்கு மேலே இருந்து பார்த்தால் பாறை தெரியாது. எங்கும் ஒரே கடல். கரையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். விடிகிற வெயிலில் அந்தச் சுவர் பளீரென்று தெரியும். அதன் உச்சியில் நட்டு வைத்த மாதிரி மாதா கோயில் கோபுரம் வந்து நிற்கும்வரை படகை விட வேண்டும். கோபுரம் கொஞ்சம் இந்தப் பக்கம் விலகினாலும் வலையில் வெறும் தண்ணீர்தான். இதோடு இன்னொரு அடையாளமும் சேர வேண்டும். அதை இங்கே எழுத மாட்டேன். படிக்கிறவர் யார் என்று எனக்கு எப்படித் தெரியும்?

சுவர் வெள்ளையாக இல்லாவிட்டால் குடிசையும் மணலும் தென்னையுமாகக் கரை முழுக்க ஒரே பழுப்பு. சுவர் அதில் கரைந்து போகும். பாறையும் அதோடு போகும்.

இந்தச் சங்கதி எங்கள் குப்பத்துக்கு வெளியே யாருக்கும் தெரியக் கூடாது. முக்கியமாகப் பட்டினப்பாக்கத்துக்குத் தெரியக் கூடாது. என் மகள் முத்துமாரியை அந்த ஊர்ப் பொன்னுரங்கத்தின் மகனுக்குத்தான் கட்டிக் கொடுத்திருக்கிறேன். பெண்ணைக் கொடுத்தேன். பாறையைக் கொடுக்கவில்லை.

சரி, வந்தவர்களைப் பற்றிச் சொல்கிறேன். ஒரு குடைக்குக் கீழே இரண்டு பேர் மணலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். சுவாமிநாதன் என்ற மயிலாப்பூர்க்காரர், ரிட்டயர் ஆன என்ஜினியர். பழைய கட்டடங்களுக்காக ஒரு சங்கம் வைத்து அதற்குத் தலைவராக இருக்கிறாராம். கூட வந்தது அவர் மகள் நீரஜா. கழுத்தில் காமிரா. அமெரிக்காவில் வேலை பார்த்துவிட்டு இங்கேயே இருந்துவிடலாம் என்று திரும்பி வந்த பெண்.

அவர் வந்ததும் வராததுமாகச் சாரத்தைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.

"நிறுத்துங்கோ, நிறுத்துங்கோ! என்ன காரியம் பண்றேள்!"

மேலே இருந்தவன் சுண்ணாம்பு மட்டையைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தான். சுவரில் வடக்குப் பாதி வெள்ளை, தெற்குப் பாதி பழசு.

"இன்னா சார்? சுண்ணாம்பு அடிக்கிறோம். உங்க மேல தெறிச்சிச்சா?" என்றேன்.

"ஏன் அடிக்கிறேள்?"

பார்த்தீர்களா. வந்துவிட்டது.

"சொம்மாதான்" என்றேன்.

அவர் சுவரை நகத்தால் சுரண்டினார். பால் ஆடை மாதிரி சுண்ணாம்பு பெயர்ந்து, உள்ளே செங்கல் தெரிந்தது. அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம்.

"பாத்தியா நீரஜா, என்ன அருமையான செங்கல்! இவ்வளவு நாளா மூடி வச்சிருக்கா" என்று மகளிடம் சொல்லிவிட்டு என்னிடம் திரும்பினார். "இந்தச் சுண்ணாம்பையெல்லாம் எடுத்துட்டு, பழையபடி செங்கல்லைக் காட்டப் போறோம். பக்கத்துல இரும்புல ஒரு பலகை. சுவரோட சரித்திரத்தை எழுதி வைக்கப் போறோம். அனுமதி வாங்கியாச்சு. திங்கக்கிழமை ஆள் வரா."



"பலகை வச்சிட்டு அப்பால? ஓட்டல் கட்டுவீங்களா?"

"ஓட்டலா? எதுக்கு?"

"கடலோரம் எவன் பலகை வச்சாலும் பின்னாலயே ஓட்டல் வருது சார். நாங்க பாத்துக்கினுதான கீறோம்."

நீரஜா சிரித்துவிட்டாள். மணலிலேயே உட்கார்ந்து சொல்ல ஆரம்பித்தாள்.

"அப்படியெல்லாம் ஒண்ணும் இல்ல பெரியவரே. நான் இருந்தது ஒரு ஆத்தங்கரை ஊர். பெரிய ஆறு. கரை நெடுக, தெருவுக்குத் தெரு, இரும்புப் பலகை வச்சிருப்பா. இங்கதான் முதல் படகுத்துறை இருந்தது, வெள்ளம் வந்தப்போ தண்ணி இது வரைக்கும் ஏறித்து, படகு செய்யறவர் ஒருத்தர் இந்த வீட்டுல குடியிருந்தார்... இப்படி. சாயங்காலம் நடந்து போனா ஊரே பக்கத்துல நடந்து வந்து பேசற மாதிரி இருக்கும். புதுசா வந்த எனக்கே அது என் ஊர் மாதிரி ஆயிடுத்து. நம்ம ஊர்ல இத்தனை இருக்கு, ஒரு பலகை கிடையாதே?"

ஊர் பேரையும் சொன்னாள். என் வாயில் அது திரும்பவில்லை.

"ஆறு எப்டி? நம்ம அடையாறு மாரியா?" என்றேன்.

"நாறாது."

"அப்ப அது ஆறே இல்ல."

பெண் நல்ல பெண்தான். ஆனால் நல்ல பெண் கையால் சுவர் செங்கல் நிறமாகிவிட்டால் மீன் வந்து படகில் குதிக்குமா? நான் தலையைச் சொறிந்தேன். உண்மையைச் சொன்னால் என்ன ஆகும்? அவர்கள் உடனே பலகையில் எழுதுவார்கள். ‘மீன் பாறைக்கு அடையாளமாக’ என்று இரும்பில் வார்ப்பார்கள். பட்டினப்பாக்கத்துக்காரன் எவனாவது எழுத்துக்கூட்டிப் படிப்பான். அவனுக்கு மிச்சத்தைக் கண்டுபிடிக்க எவ்வளவு நேரம் ஆகும்? கடலில் இருந்து திரும்பிப் பார்த்தால் சுவருக்குப் பின்னால் கோபுரம் நிற்கிறது, அவ்வளவுதான்.

சொல்லாவிட்டாலோ திங்கட்கிழமை சுண்ணாம்பு போய்விடும்.

அதனால் நான் ஒரு பொய் சொன்னேன்.

"சொம்மா இல்ல சார். அது ஒரு வாக்கு" என்றேன்.

"என்ன வாக்கு?" என்று அவரும் மகளும் ஒன்றாகக் கேட்டார்கள்.

"ஒரு துரைசானியம்மாவுக்குக் குடுத்த வாக்கு. இந்தக் கட்டடத்துல இருந்தாங்க. புருசன் கப்பல் ஓட்டறவன். போனான், வரல. அந்தம்மா எங்க ஆளுங்களக் கூப்டு, ‘என் புருசன் திரும்பி வந்தா வழி தெரியணும், இந்தச் செவுத்த மட்டும் வெள்ளையா வச்சிருங்கப்பா’ன்னு சொல்லிட்டு செத்துப் போச்சு. அதான் அடிக்கிறோம்."

சொல்லி முடித்ததும் எனக்கே கொஞ்சம் கண் கலங்கியது. சாரத்தின் மேல் இருந்தவன் மட்டையைக் கீழே போட்டுவிட்டான். அவனும் அன்றைக்குத்தான் கேட்கிறான்.

நீரஜா எழுந்தே நின்றுவிட்டாள். "அவா பேர் என்ன?"

இது எனக்குத் தோன்றவே இல்லை. துரைசானி என்றால் பேர் இருக்குமே. எதிரே படகு நிழலில் குப்பத்து நாய் படுத்திருந்தது. யாருக்கும் சொந்தமில்லாத நாய், எல்லார் வீட்டு மீன் தலையும் அதற்குச் சொந்தம்.

"ஜூலி" என்றேன். "ஜூலியம்மா."

நாய் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொண்டது.

சுவாமிநாதன் அவ்வளவு சுலபத்தில் மடங்குகிற ஆள் இல்லை. மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"கதை நன்னாத்தான் இருக்கு. ஆனா ஒரு குப்பத்துல ஒருத்தர் சொன்னா சரித்திரம் ஆயிடாது. பக்கத்துக் குப்பத்துலயும் யாராவது வயசானவா சொல்லணும். உங்களுக்கு உறவு இல்லாதவாளா இருக்கணும். நாளைக்குப் பட்டினப்பாக்கம் போய் விசாரிக்கலாம், நீங்களும் வாங்கோ. அங்கேயும் இதே கதை சொன்னா சுண்ணாம்பு இருக்கட்டும். சொல்லலேன்னா செங்கல்தான்."

"வர்றேன்" என்றேன். வேறு என்ன சொல்வது?

அன்று சாயங்காலம் முத்துமாரியின் கடைக்குப் போனேன். கடை என்றால் ரோட்டோரம் ஒரு பலகை, ஒரு அரிவாள்மணை, ஒரு குடை. எந்த நேரமும் நாலு பேர் நின்று பேரம் பேசிக்கொண்டிருப்பார்கள். அவர்களை அனுப்பிவிட்டு அவள் என் மூஞ்சியைப் பார்த்தாள்.

"இன்னா நைனா, மூஞ்சி செத்த மீனாட்டம் கீது?"

நடந்ததைச் சொன்னேன். பாறையைப் பற்றிச் சொல்லவில்லை. அவள் என் மகள்தான். ஆனால் ராத்திரி போய்ப் படுப்பது பட்டினப்பாக்கத்தில். பழைய வழக்கத்தை யாரோ வந்து நிறுத்தப் பார்க்கிறார்கள், அதற்காக ஒரு கதை சொன்னேன் என்று மட்டும் சொன்னேன்.

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"ஜூலியா? நம்ம ஜூலியா? வேற பேரே கெடைக்கலயா உனக்கு? அது போன வாரம்தான் என் கூடையில வாய வச்சி அடி வாங்கிச்சி!"

"சிரிக்காத. நாளைக்கு அந்தாளு உன் மாமனார் ஊருக்கு வரான். எவன் கையில வந்து மாட்டப் போறானோ. உன் மாமனார் வாயில மாட்டுனா அவ்ளோதான், ரீல் உடறான் கங்காதரன்னு ஊர் முழுக்க சொல்லுவாரு. நீ ஊட்ல போயி இதப் பத்தி மூச்சு உடாத."

"நான் ஏன் உடப் போறேன்?" என்று சொல்லி ஒரு சங்கராவைச் செதில் எடுக்க ஆரம்பித்தாள். அவள் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் காலையில் சுவாமிநாதன், நீரஜா, நான் மூன்று பேரும் பட்டினப்பாக்கம் போனோம். குப்பத்துக்குள் நுழைந்ததுமே முதல் ஆளாக வாசலில் உட்கார்ந்து வலை பொத்தல் தைத்துக்கொண்டிருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? பொன்னுரங்கமேதான். அவன் வேலை செய்து நான் பார்த்து வெகுகாலம் ஆகிறது. வழியில் வந்து உட்கார்ந்திருக்கிறானே என்று எனக்குச் சந்தேகம் தட்டியது.

இப்போது என்னைப் பார்த்து ‘வா சம்பந்தி’ என்பான், உறவு தெரிந்துவிடும், கதை முடிந்தது என்று நான் நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். அவனோ சுவாமிநாதனுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இந்தாளு யாரு? உங்க டிரைவரா?" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண் எடுத்த வீட்டுக்காரனைத் தெரியாதாம். டிரைவராம்! ஆனாலும் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

"இவர் நொச்சிக்குப்பம் கங்காதரன். தெரியாதா?" என்றார் சுவாமிநாதன்.

"அந்தக் குப்பத்து ஆளுங்களோட எனக்குப் பேச்சுவார்த்தை இல்ல சார்."

அந்த நேரம் பார்த்து உள்ளே இருந்து என் பேத்தி தத்தக்கா பித்தக்கா என்று ஓடி வந்தது. நடக்கப் பழகிக் கொஞ்ச நாள்தான் ஆகிறது. "தாத்தா!" என்று கத்திக்கொண்டு நேரே என் காலைக் கட்டிக்கொண்டது.

எல்லாரும் என் காலைப் பார்த்தார்கள்.

"அது அப்டித்தான் சார். தாடி வச்ச எவனப் பாத்தாலும் தாத்தான்னு கூப்டும்" என்றான் பொன்னுரங்கம், வலையில் இருந்து கண்ணை எடுக்காமல்.

சுவாமிநாதன் விஷயத்துக்கு வந்தார். "அந்த வெள்ளைச் சுவர் இருக்கே, அங்க ஒரு துரைசானி இருந்ததாக் கேள்விப்பட்டேன். உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

பொன்னுரங்கம் ஊசியை வலையில் குத்தி வைத்தான். கடலைப் பார்த்தான். பெருமூச்சு ஒன்று விட்டான்.

"ஜூலியம்மாவையா கேக்கறீங்க?"

நீரஜா என் கையைப் பிடித்து அழுத்தினாள்.

"எங்க தாத்தா சொல்லிக்கினே இருப்பாரு சார்" என்று ஆரம்பித்தான். அப்புறம் அவனை நிறுத்த முடியவில்லை. அந்த அம்மாளுக்குச் சங்கரா மீன் என்றால் உயிராம். இவன் தாத்தாதான் தினமும் கொண்டுபோய்க் கொடுப்பாராம். அந்த அம்மாள் ஒரு பச்சைக்கிளி வளர்த்தாளாம், அது தமிழ் பேசுமாம். சாயங்காலம் ஆனால் மாடியில் நின்று வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டுமாம்.

"கிளியா?" என்றார் சுவாமிநாதன்.

"அந்தம்மா சார். கிளி எப்டி ஆட்டும்?"

நான் சொன்னதைவிட அவன் சொன்னது பெரிய பொய். எனக்குக் கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது. கிளி எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் சொன்னான்: "அந்தச் செவுத்துல யாராச்சும் சுண்ணாம்ப எடுத்தா கடலுக்குப் போற எங்களுக்கு ஆவாது சார். பாவம் புடிக்கும். ரெண்டு குப்பமும் வந்து நிக்கும்."

சுவாமிநாதன் மகளைப் பார்த்தார். "ரெண்டு சாட்சி ஆயிடுத்து. இனிமே என்ன சொல்றது? வெள்ளையாவே இருக்கட்டும். பலகையிலயும் அதையே எழுதிடலாம்" என்றார்.

எனக்கு வந்த மூச்சில் ஒரு படகையே தள்ளியிருக்கலாம். ஆனால் திரும்பி நடக்கிறபோது மண்டைக்குள் ஒன்று குடைந்தது. சுவாமிநாதன் துரைசானி என்றுதான் கேட்டார். ஜூலி என்ற பேரை அங்கே யாரும் சொல்லவில்லை. இவனுக்கு எப்படித் தெரிந்தது?

நேரே மீன் கடைக்குப் போனேன்.

"மூச்சு உடாதன்னு சொன்னேன்ல?" என்றேன்.

முத்துமாரி நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "காரியம் ஆச்சா, இல்லியா?"

"ஆச்சு. ஆனா அவன் ஏன் எனக்காவ பொய் சொன்னான்? எனக்கு நல்லது பண்ற ஆளா அவன்? கிளி வேற உட்டான். இதுல இன்னாமோ கீது."

அவள் கத்தியைக் கீழே வைத்தாள். சுற்றிலும் பார்த்தாள். பக்கத்தில் ஜூலியைத் தவிர யாரும் இல்லை.

"நைனா, அந்தச் செவுரு உனக்கு மட்டும்தான் அடையாளமா?"

நானும் சுற்றிலும் ஒரு தரம் பார்த்தேன்.

"உனக்கு மாதா கோயில் கோபுரம். அவங்களுக்கு அதே செவுரு, வேற ஒண்ணு. அவங்க பாறை தெக்கால கீது. செவுரு செங்கல்லாப் போச்சுன்னா உங்க பொழப்பும் போச்சு, அவங்க பொழப்பும் போச்சு. எங்க மாமனாரு நேத்து சோறு துன்னல, தெரியுமா? சுண்ணாம்ப எடுக்கப் போறாங்கன்னு கேட்டுட்டு. நான்தான் உன் ஜூலி கதையச் சொல்லி, நாளைக்கு வாசல்ல குந்துங்கன்னேன்."

"உனக்கு இதெல்லாம் எப்பத் தெரியும்?"

"கல்யாணம் ஆயி போன மாசத்துலருந்தே. நீங்க ஆம்பளைங்க கடல்ல பாத்தத ஊட்ல வந்து குடிச்சிட்டு ஒளறுவீங்க. அங்கியும் ஒளறுவாங்க. ரெண்டு ஊட்லயும் காது குடுத்துக்கினு இருந்தது நான்தான். உன்னுது அவங்களுக்குத் தெரியாது. அவங்களுது உனக்குத் தெரியாது. எனக்கு ரெண்டும் தெரியும்."

நான் குரலைத் தாழ்த்திக் கேட்டேன்.

"அவங்களோட இன்னொரு அடையாளம் இன்னாமா?"

"மீன் வாங்கறியா? இல்ல, வர்றவங்களுக்கு வழிய உடறியா?" என்றாள்.

சொல்லவே இல்லை. என் பெண் அல்லவா. ஆனால் வீட்டுக்குப் போகும் வழியில் இன்னொன்று உறைத்தது. இத்தனை வருஷம் சிப்பியைப் பொறுக்கிச் சுண்ணாம்பு நீற்றி, சாரம் கட்டி, வெயிலில் காய்ந்து வெள்ளை அடித்தது நாங்கள். காற்று வாங்கிக்கொண்டு உட்கார்ந்து அதைப் பார்த்தே மீன் பிடித்தது அவர்கள். பாதிச் சுவரை அவர்கள் அடிக்க வேண்டும் என்று முத்துமாரி மூலமாகச் சொல்லி அனுப்பினேன். பதிலும் அவள் மூலமாக வந்தது: அடிக்கிறோம், ஆனால் எதற்கு என்று யாரும் யாரையும் கேட்கக் கூடாது.

மாசி மகத்துக்கு முன்னால் தெற்குப் பாதியைப் பட்டினப்பாக்கத்துக்காரர்கள் அடித்து முடித்தார்கள். வடக்கை விட அது கொஞ்சம் மட்டமான வேலை. நான் சொல்லவும் சொன்னேன்.

"செவுரு வெள்ளையா இருந்தா ஜூலியம்மாவுக்குப் போதும்" என்றான் பொன்னுரங்கம்.

பலகை திறக்கிற நாள் நன்றாக நடந்தது. மயிலாப்பூரில் இருந்து பட்டுப்புடவைகள் வந்தன. வெண்பொங்கல் வந்தது. எங்கள் ஆட்கள் மீன் வறுத்துக் கொடுக்க, அவர்களில் இரண்டு பேர் சுவருக்குப் பின்னால் போய் ருசி பார்த்ததை நான் பார்த்தேன். பேர் சொல்ல மாட்டேன்.

சுவாமிநாதன் மைக்கைப் பிடித்தார். பலகையில் தமிழில் எழுதியிருந்ததைப் படித்தார். கணவன் கப்பலுக்காகக் காத்திருந்த அம்மையார் ஒருவருக்குத் தந்த வாக்கின்படி இரு குப்பத்து மீனவரும் இச்சுவருக்கு ஆண்டுதோறும் வெள்ளை அடித்து வருவதாகச் செவிவழிச் செய்தி கூறுகிறது. இச்சுவர் என்றும் வெண்மையாகவே பேணப்படும். கடைசி வரி இரும்பில் இருந்தது. எனக்கு அந்த ஒரு வரி போதும். கிளியும் இருந்தது, ஓரத்தில் சின்னதாக வார்த்திருந்தார்கள். பொன்னுரங்கம் அதைத் தடவித் தடவிப் பார்த்தான்.

"அந்தப் புண்ணியவதியின் பேர்..." என்று சுவாமிநாதன் குரலை உயர்த்தினார். "ஜூலி!"

ஒலிபெருக்கியில் பேர் கேட்டதும் மீன் வறுக்கிற இடத்தில் இருந்து நாய் பாய்ந்து வந்தது. கூட்டத்தைப் பிளந்துகொண்டு மேடையில் ஏறி, வாலை ஆட்டிக்கொண்டு அவர் முன்னால் நின்றது.

குப்பத்து ஜனம் முழுவதும் சத்தம் போடாமல் குலுங்கியது. முத்துமாரி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள்.

"யார் நாய் இது? விரட்டுங்கோ" என்றார் சுவாமிநாதன்.

"இருக்கட்டும்ப்பா. அதுக்கும் மரியாதை பண்ணணும்னு தோணியிருக்கு" என்றாள் நீரஜா. சொல்லிவிட்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

கூட்டம் கலைந்த பிறகு அவள் என்னிடம் வந்து ஒரு உறையைக் கொடுத்தாள்.

"பலகைக்குப் பக்கத்துல வைக்கலாம்னு கடல்லேர்ந்து சுவரை ஒரு போட்டோ எடுத்தேன் பெரியவரே. உங்க படகுல இருக்காரே கபாலி, அவர்தான் கூட்டிண்டு போனார்."

கபாலி என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. உறையைப் பிரித்துப் பார்த்தேன். விடிகாலை வெயில். பளீரென்று சுவர். அதன் உச்சியில், நட்டு வைத்த மாதிரி, மாதா கோயில் கோபுரம். அந்த மடையன் பழக்க தோஷத்தில் நேரே அந்த இடத்துக்கே ஓட்டியிருக்கிறான்.

அவசரமாகப் போட்டோவை உறைக்குள்ளேயே திரும்பச் சொருகினேன்.

"ஏன் இங்க நிறுத்தறேள்னு கேட்டேன். மீன் நிறைய இருக்கும்னார். அப்புறம் நாக்கைக் கடிச்சுண்டார்" என்றாள் நீரஜா. "நெகடிவ்வும் உள்ளேயே இருக்கு. வேற பிரதி கிடையாது. அப்பாவுக்குத் தெரியாது. அவர் கிளியிலயே சந்தோஷமா இருக்கார்."

"நீ அங்கியும் எழுத மாட்டியேம்மா? அந்த அமெரிக்கா ஊர்ல?"

"அந்த ஊர் ஆத்து வளைவுல ஒரு மரம் இருக்கு. படகுக்காரா வருஷா வருஷம் அதுக்கு வெள்ளை அடிப்பா. பலகையில ஒரு காதல் கதை போட்டிருக்கும். நான் கூட அதை நம்பிண்டுதான் இருந்தேன்" என்று சிரித்தாள். "இப்பதான் புரியறது."

அவள் மேல் எனக்குச் சந்தேகம் போய்விட்டது. முக்கால்வாசி.

போட்டோவை எங்கே வைத்திருக்கிறேன் என்று சொல்ல மாட்டேன். கபாலியை என்ன செய்தேன் என்பதும் வேண்டாம்.

மறுநாள் விடிகிறபோது கடலில் இருந்தோம். புதுச் சுண்ணாம்பு. வெயில் பட்டதும் கண் கூசியது. கோபுரம் மெல்ல மெல்ல நகர்ந்து வந்து சுவர் மேல் ஏறி நின்றது. வலையை விட்டோம். தெற்கே தூரத்தில் பொன்னுரங்கத்தின் படகு தெரிந்தது. அவன் எழுந்து நின்று கரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதற்கு நேரே பார்க்கிறான் என்று நான் கண்ணைச் சுருக்கிப் பார்ப்பதற்குள் அவன் என் பக்கம் திரும்பிவிட்டான்.

சட்டென்று நான் முகத்தைத் திருப்பி வானத்தைப் பார்த்தேன். அவனும் வானத்தைத்தான் பார்த்தான். அங்கே ஒரு காக்கைகூட இல்லை.